திருப்பித் தராத நினைவகம்

1992 நவம்பர் 4. அதிகாலை 2 மணி கடந்திருந்தது. லண்டன் ஆம்புலன்ஸ் சேவையின் கணினி மெல்ல மெல்ல வேகம் குறைந்து, பிறகு அடியோடு நின்றது. அழைப்புகளைத் தாளில் எழுதி ஆம்புலன்ஸ்களை அனுப்பும் பழைய முறைக்குப் பணியாளர்கள் திரும்ப வேண்டியதாயிற்று.

காரணத்தை விசாரணைக் குழு பின்னர் கண்டறிந்தது. சுமார் மூன்று வாரங்களுக்கு முன் நிரலர் ஒருவர் விட்டுச்சென்ற சிறு நிரல்பகுதி, ஒவ்வொரு முறை வாகனம் அனுப்பப்பட்டபோதும் நினைவகத்தில் கொஞ்சம் இடத்தை எடுத்துக்கொண்டது. வேலை முடிந்த பின் அதைத் திருப்பித் தரவில்லை. இடம் முழுவதும் தீர்ந்ததும் கணினி முடங்கியது. இதற்குப் பெயர் நினைவகக் கசிவு.

சோதனையில் இது ஏன் அகப்படவில்லை? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு நிரல் நொடிக்கு 1 கிலோபைட்டைத் திருப்பித் தர மறக்கிறது என்று கொள்வோம். பத்து நிமிடச் சோதனையில் வீணாவது 600 கிலோபைட்தான்; யார் கண்ணிலும் படாது. ஆனால் 1 கிகாபைட் இடம் சுமார் 12 நாளில் தீர்ந்துவிடும். சாதாரணச் சோதனை "விடை சரியா?" என்று மட்டுமே கேட்கும். கசியும் நிரலும் சரியான விடையையே தரும்!

கிள்ளானில் உங்கள் வீட்டுத் தண்ணீர்க் கட்டணம் திடீரென ஏறினால் என்ன செய்வீர்கள்? எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு மீட்டரைப் பார்ப்பீர்கள். அப்போதும் எண் நகர்ந்தால், எங்கோ கசிகிறது.

பைத்தான் மொழியை உருவாக்குவோரும் இதே உத்தியைக் கையாள்கிறார்கள். பைத்தானில் ஒவ்வொரு பொருளையும் எத்தனை இடங்கள் சுட்டுகின்றன என்ற எண்ணிக்கை வைக்கப்படும். அது பூஜ்யமானால் பொருளின் இடம் விடுவிக்கப்படும். பைத்தானின் உட்பகுதி சி மொழியில் எழுதப்பட்டது. அங்கே இந்த எண்ணிக்கையை நிரலரே கூட்டிக் குறைக்க வேண்டும். குறைக்க மறந்தால் கசிவு.

அதைப் பிடிக்க, தானியங்கிச் சோதனை ஒவ்வொன்றையும் திரும்பத் திரும்ப ஓட்டுகிறார்கள். வழக்கமாக முதல் 3 ஓட்டங்கள் ஒத்திகை மட்டுமே. ஏனெனில், பின்னால் பயன்படும் என்று நிரல் சிலவற்றை முதலில் சேமித்து வைக்கும். அது கசிவு அல்ல. அடுத்த 3 ஓட்டங்களில் மொத்த எண்ணிக்கையை அளக்கிறார்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பின்னும் அது ஏறிக்கொண்டே போனால் அந்தச் சோதனையில் கசிவு இருக்கிறது. பிறகு அதைச் சிறு பகுதிகளாகப் பிரித்து ஓட்டினால், பிழையான வரியை நெருங்கிவிடலாம்.

பைத்தான் கற்கும் மாணவர்களே, நீங்களும் முயலலாம். எந்த வரி எவ்வளவு நினைவகம் எடுத்தது என்று காட்டும் 'டிரேஸ்மலாக்' என்ற கருவி, 2014இல் வந்த 3.4 பதிப்பு முதல் பைத்தானிலேயே உள்ளது. ஒரு பட்டியலில் எதையாவது சேர்த்துக்கொண்டே போகும் நிரலை எழுதி, நூறு முறை ஓட்டுங்கள். விடையோடு அளவையும் பாருங்கள்.