பத்துக்கு ஒன்பது எடுத்த பள்ளிக்கூடம்

வீடு பார்க்கிறோம் என்று சொன்னதும் எங்கட ஆக்கள் கேட்கிற முதல் கேள்வி விலை இல்லை. "அங்க பள்ளிக்கூடத்துக்கு எத்தனை புள்ளி?" என்பதுதான். ஆறு என்றால் முகம் சுருங்கும். ஒன்பது என்றால் குசினி சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. ஸ்காபரோவில் வளர்ந்து, இப்போது பிள்ளைகளுக்காக மார்க்கமா, பிக்கரிங்கா, ஏஜாக்ஸா என்று யோசிக்கிற எங்கள் தலைமுறைக்கு அந்த ஒரு எண் பெரிய ஆறுதல். மென்பொருள் எழுதிப் பிழைக்கிற எனக்கும் எண்கள் பிடிக்கும். ஆனால் ஒரு எண்ணை நம்ப முதல் அது எதை அளக்கிறது என்று பார்ப்பது எங்கள் தொழிலின் பழக்கம்.

ஒன்ராறியோவில் 3ஆம், 6ஆம் வகுப்புப் பிள்ளைகள் வாசிப்பு, எழுத்து, கணிதம் ஆகியவற்றில் ஈ.கியூ.ஏ.ஓ. என்ற மாகாணப் பரீட்சை எழுதுகிறார்கள். 9ஆம் வகுப்பில் கணிதமும் 10ஆம் வகுப்பில் எழுத்தறிவும் இருக்கிறது. இந்த முடிவுகளை வைத்துத்தான் ஃபிரேசர் இன்ஸ்டிடியூட் என்ற ஆய்வு நிறுவனம் பள்ளிகளுக்குப் பத்துக்குப் புள்ளி போடுகிறது. ஆக, எட்டு வகுப்புகள் உள்ள ஒரு ஆரம்பப் பள்ளியின் புள்ளி, இரண்டு வகுப்புகள் எழுதிய பரீட்சையில் இருந்து வருகிறது. 6ஆம் வகுப்பில் 40 பேர் இருக்கிற பள்ளியில் ஐந்து பிள்ளைகள் மாறினாலே முடிவு 12.5 வீதம் ஏறும் அல்லது இறங்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. சனிக்கிழமை ட்யூஷன் வகுப்பில் படித்த கணிதமும் பள்ளிக்கூடத்தின் கணக்கில்தான் விழும். பெற்றோரின் படிப்பும் வசதியும் அப்படித்தான். புள்ளி உயர்ந்த பள்ளி கெட்டிக்காரப் பள்ளியாகவும் இருக்கலாம், கெட்டிக்காரப் பிள்ளைகள் வந்து சேர்ந்த பள்ளியாகவும் இருக்கலாம். எண்ணை மட்டும் பார்த்து எது என்று பிரிக்க முடியாது.

நியூ ஜெர்சியில் இருக்கிற மச்சான் சொல்வதையும் இங்கே அப்படியே எடுக்கக்கூடாது. அங்கே பள்ளிச் செலவின் பெரும் பங்கு அந்த ஊர் வீட்டு வரியில் இருந்து வருகிறது. ஒன்ராறியோவில் 1998 முதல் மாகாணம்தான் கல்விச்சபைகளுக்கான நிதியைத் தீர்மானிக்கிறது. வீடுகளுக்கான கல்வி வரி வீதமும் மாகாணம் முழுக்க ஒன்றே. விலை கூடின வீட்டை வாங்குவதால் உங்கள் வரியில் அந்தப் பள்ளிக்கு மேலதிகமாக ஒரு ஆசிரியர் வரமாட்டார். பெற்றோர் சங்கம் சேர்க்கிற காசில் வேண்டுமானால் வித்தியாசம் தெரியும்.

அப்படியென்றால் இடம் முக்கியமே இல்லையா? முக்கியம்தான், ஆனால் வேறு காரணங்களுக்காக. ஸ்டீல்ஸ் அவெனியுவை எடுத்துக்கொள்ளுங்கோ. வீதிக்குத் தெற்கே ஸ்காபரோ, ரொறன்ரோ கல்விச்சபை. வடக்கே மார்க்கம், யோர்க் பிராந்தியக் கல்விச்சபை. 10 லட்சம் டொலர் வீட்டுக்கு வடக்கே மாகாண நில மாற்று வரி 16,475 டொலர். தெற்கே ரொறன்ரோ நகரமும் அதே அளவு இன்னொரு தரம் கேட்கும், மொத்தம் 32,950. முதல் வீடு வாங்குகிறவர்களுக்கு மாகாணம் 4,000 வரையும் நகரம் 4,475 வரையும் திருப்பித் தரும். பிரெஞ்சு இமர்ஷனுக்கும் கதை வேறு: தெற்கே சீனியர் கிண்டர்கார்டனில் தொடங்கும், வடக்கே 1ஆம் வகுப்பில். பிள்ளைக்கு நாலு வயது என்றால் இந்தத் தேதிகள் புள்ளியை விட அவசரமானவை.

எல்லையையும் கவனிக்க வேண்டும். பள்ளிக்கூடம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருந்தாலும் உங்கள் வீட்டிலக்கம் வேறு பள்ளிக்குப் போகலாம். புதிய குடியிருப்புகளில் நிலைமை இன்னும் சிக்கல்: பள்ளி கட்டி முடியும் வரை பிள்ளைகளை வேறு பள்ளிக்கு பஸ்ஸில் அனுப்புவார்கள். வீடு கட்டும் கம்பனியின் ஒப்பந்தத்திலேயே இதைப் பற்றிச் சின்ன எழுத்தில் ஒரு பந்தி இருக்கும், தேடி வாசியுங்கோ. பிரெஞ்சு இமர்ஷன் வேண்டுமென்றால் அது எந்தப் பள்ளியில் என்றும் தனியாகக் கேட்க வேண்டும். விற்பனை முகவரின் சொல்லை நம்பாமல், முழு விலாசத்தைச் சொல்லிக் கல்விச்சபையிடமே கேளுங்கோ.

இனி எந்தப் பட்டியலிலும் இல்லாத விஷயம். எங்களில் பலருக்கு அம்மா அப்பா இன்னும் ஸ்காபரோவில். பள்ளி மூன்றரைக்கு விடும், நாங்கள் ஆறு மணிக்குத்தான் வருவோம். அந்த இரண்டரை மணித்தியாலம் அம்மம்மாவோடு என்றால் பிள்ளை வாரத்துக்குப் பன்னிரண்டரை மணித்தியாலம் தமிழில் வாழ்கிறது: "கையைக் கழுவிப் போட்டு வா", "ஏன் சண்டை பிடிச்சனி?" என்று. கல்விச்சபைகள் நடத்துகிற ஆரம்ப நிலைச் சர்வதேச மொழி வகுப்புக்கு மாகாணம் அனுமதிக்கிற உச்ச நேரம் வாரத்துக்கு இரண்டரை மணித்தியாலம். அம்மம்மா ஒரு நாளில் கொடுப்பதை வகுப்பு ஒரு கிழமையில் கொடுக்கிறது. அந்த வகுப்பு வேண்டாம் என்று சொல்லவில்லை. உயர்நிலைப் பள்ளியில் தமிழ் படித்தால் டிப்ளோமாவுக்குத் தேவையான 30 கிரெடிட்டுகளில் அதுவும் சேரும். ஆனால் வகுப்பு தொடங்கிற இடத்துக்குப் பிள்ளையைக் கொண்டு வந்து விடுவது வீடுதான்.

"அம்மாவையும் கூட்டிக்கொண்டு போறம்" என்று சிலர் சொல்வார்கள். அம்மாவைக் கேட்டீர்களா? ஸ்காபரோவில் பஸ் ஏறிக் கோயிலுக்கும் தமிழ்க் கடைக்கும் தானே போய் வருகிறவ, கார் இல்லாமல் பால் கூட வாங்க முடியாத புதுக் குடியிருப்பில் ஜன்னலுக்குப் பக்கத்தில் இருந்துவிடுவா. அம்மா போக மறுத்தால், பள்ளிக்கு முன்னும் பின்னும் பிள்ளை பார்க்க இடம் வேண்டும். 6ஆம் வகுப்பு வரை, தேவை இருந்தால் கல்விச்சபை அந்த ஏற்பாட்டைச் செய்ய வேண்டும். ஆனால் இடம் கிடைக்கக் காத்திருக்க நேரலாம். வீட்டை வாங்க முதல் அந்தப் பட்டியலின் நீளத்தையும் கேளுங்கோ.

புள்ளியைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. ஒரு வருஷத்தை விட்டு ஐந்து வருஷத்தைப் பாருங்கோ. தொடர்ந்து இறங்குகிறதா? அதிபரிடம் ஏன் என்று கேட்கலாம். உங்கள் பிள்ளைக்குப் பேச்சில், வாசிப்பில் உதவி தேவை என்றால், அந்த உதவி கிழமைக்கு எத்தனை நாள், யார் தருவார்கள் என்று கேட்கலாம். ஒரு வேலை நாளில் காலை எட்டரைக்குப் பள்ளி வாசலில் போய் நில்லுங்கோ. பிள்ளைகள் நடந்து வருகிறார்களா, ஆசிரியர்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்களா என்று பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

பிறகு வீட்டுக்கு வந்து கணக்குப் போடுங்கோ: பிரயாண நேரம், வரி, பிள்ளை பார்க்கிற செலவு, அம்மம்மா வீட்டுத் தூரம். ஆறு புள்ளிப் பள்ளிக்கும் ஒன்பது புள்ளிப் பள்ளிக்கும் இடையிலான மூன்று புள்ளி, இத்தனையையும் கொடுத்து வாங்கத் தகுமா என்பதை அதற்குப் பிறகு நீங்கள் இரண்டு பேரும் இருந்து பேசலாம்.