மலை போனால் பனி போகுமா?

மிக்குனி கணவாயை வெட்டித் தரைமட்டமாக்கிவிட்டால் நீகாட்டாவில் பனி விழாது. வெட்டிய மண்ணைக் கடலில் கொட்டினால் சாடோ தீவுக்கு நடந்தே போகலாம். காக்குவே தனாகா தேர்தலில் நிற்கத் தொடங்கிய நாட்களில் மேடையில் இப்படி முழங்கியதாகச் சொல்வார்கள். 1918இல் நீகாட்டா கிராமமொன்றில் பிறந்து, பதினைந்து வயதில் டோக்கியோ போய், கட்டுமான நிறுவனம் நடத்தியவர். பல்கலைக்கழக வாசலை மிதிக்காதவர். 1947இல் நாடாளுமன்றத்துக்குப் போனார். 1972இல், 54 வயதில், ஜப்பானின் பிரதமர்.

மேடைப் பேச்சு இருக்கட்டும். மலையை எடுத்தால் உண்மையிலேயே பனி நிற்குமா?

குளிர்காலத்தில் சைபீரியாவிலிருந்து கிளம்பும் காற்று கடுங்குளிர், ஆனால் வறண்டது. அது ஜப்பான் கடலைத் தாண்டியாக வேண்டும். அங்கே தெற்கிலிருந்து வரும் ட்சுஷிமா நீரோட்டம் கடலைக் கொஞ்சம் வெதுவெதுப்பாக வைத்திருக்கிறது. அடியில் சூடு, மேலே குளிர். காற்று ஈரத்தை உறிஞ்சிக் குமுறி எழுகிறது. செயற்கைக்கோள் படங்களில் கடல்மேல் கோடு கோடாக மேகங்கள் தெரியும். அந்த மேகங்கள் நீகாட்டாவுக்கும் டோக்கியோவுக்கும் நடுவே, மிக்குனி கணவாய் இருக்கும், 2,000 மீட்டர் அளவுக்கு உயர்ந்த மலைத்தொடரில் மோதி, மேலேறி, மேலும் குளிர்ந்து, சுமையை அங்கேயே இறக்கிவிடுகின்றன. 1963 ஜனவரியில் நாகாவோகா நகரில் 3 மீட்டருக்கு மேல் பனி கிடந்தது. அப்போது நிதியமைச்சர் தனாகாதான்.

மலையின் மறுபக்கம் இறங்குவது ஈரம் இழந்த காற்று. ஒரே நாளில் நீகாட்டாக்காரர் கூரையேறிப் பனியை வாரிக்கொண்டிருப்பார். டோக்கியோக்காரர் மெத்தையை வெயிலில் காயப்போட்டிருப்பார். நீகாட்டாப் பக்கத்துக்கு 'ஊரா நிஹோன்', அதாவது ஜப்பானின் பின்பக்கம், என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அந்தப் பெயர் எவ்வளவு உறுத்தியிருக்கும் என்று யோசித்தால் கணவாய்ப் பேச்சுக்குக் கைதட்டல் ஏன் விழுந்தது என்பது புரியும்.

கணக்குப்படி தனாகா சொன்னது பாதி சரி. மலை இல்லையென்றால் மலைச்சரிவில் குவியும் பனி வெகுவாகக் குறையும். ஆனால் மேகம் பிறப்பது கடலில். மலையின் உதவியில்லாமலே அது கரையோரச் சமவெளியிலும் பனியைக் கொட்டும். மிச்ச மேகம் தடையின்றி டோக்கியோ பக்கம் நகரும். ஆக, பனி நின்றுபோகாது. தலைநகரத்தோடு பங்கு போடப்படும். அவருடைய அரசியல் முழுக்கவே இந்தப் பங்கு கேட்டல்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அவர் தொகுதியிலிருந்த யாமாகோஷியில், பனிக்காலத்தில் நோயாளியைத் தூக்கிக்கொண்டு மலை தாண்ட முடியாமல், கிராமத்தார் குந்தாலியால் சுரங்கப்பாதை குடைந்தார்கள். 1933இல் தொடங்கி 1949இல் முடித்தார்கள். நீளம் 900 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. இப்படிப்பட்டவர்களிடம் சாலையும் பாலமும் கொண்டுவருகிறேன் என்று சொல்பவர் யாராயிருந்தாலும் வாக்கு அவருக்குத்தான்.

லாக்ஹீட் விமான நிறுவனத்திடம் 50 கோடி யென் லஞ்சம் வாங்கிய வழக்கில் 1976இல் தனாகா கைதானார். 1983 அக்டோபரில் நான்காண்டு சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீடு செய்துவிட்டு டிசம்பரில் தேர்தலில் நின்றார். 2,20,000 வாக்குகளுக்கு மேல் விழுந்தன. டோக்கியோ பத்திரிகைகளுக்கு இது தலைகுனிவு. பனி வாரியவர்களுக்கு அப்படித் தெரியவில்லை. ஊழல் ஊழல்தான், ஆனாலும் அந்த வாக்குகளை அறியாமை என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

கணவாயை யாரும் வெட்டவில்லை. 1982இல் ஓடத் தொடங்கிய ஜோஎட்சு ஷின்கான்சென் அதிவேக ரயில், தனிகாவா மலைக்கு அடியில் 22 கிலோமீட்டர் சுரங்கத்தில் நுழைந்து மறுபக்கம் வெளிவருகிறது. நீகாட்டாப் பக்கம் தண்டவாள ஓரத்தில் குழாய்கள் வெந்நீர் தெளித்துப் பனியைக் கரைக்கின்றன. சுரங்கம் குடைந்தபோது பாறையிலிருந்து தண்ணீர் பீறிட்டது. மலைமேல் விழுந்த பனியும் மழையும் கசிந்து இறங்கிய நீர். ரயில் நிறுவனம் அதைப் புட்டியில் அடைத்து டோக்கியோ நிலையங்களில் விற்றது.