கால்வாயைக் கடக்குமுன்

ஆங்கிலக் கால்வாயின் மிகக் குறுகிய அகலம் ஏறக்குறைய 21 மைல். 1875இல் அதனை முதன்முதல் நீந்திக் கடந்த மத்தியூ வெப் என்பாருக்கு 22 மணி நேரம் வரை ஆயிற்று. நீரோட்டம் பக்கவாட்டில் இழுத்துச் செல்வதால், நீந்த வேண்டிய தூரம் அகலத்தினும் மிக அதிகம்.

நீந்தும் வன்மை ஒன்றே போதுமா? 1971இல் பாக்கு நீரிணையை இருவழியும் நீந்திக் கடந்த வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தனின் வன்மையை எவர் ஐயுறுவர்? அவரும் 1984இல் இக்கால்வாயிலே உயிர் துறந்தார்.

நீச்சற் குளத்திலே களைத்தால் சுவரைப் பிடிக்கலாம். கால்வாயிலோ துணைப்படகைத் தொட்டாலே முயற்சி முறிந்துவிடும். உணவும் மிதந்தபடியே உண்ணல் வேண்டும். ஆதலின், தனித்து நீந்த முன்வருவோர், 16 பாகை செல்சியசுக்கு மேற்படாத நீரில் 6 மணி நேரம் முன்னரே நீந்திக் காட்டல் வேண்டும் என்பது விதி. வேகத்தை அங்கே எவரும் கேட்பதில்லை.

குளிர் வஞ்சகமானது. உடலின் உள்வெப்பம் 35 பாகைக்குக் கீழிறங்கினால் கைகள் தளர்வதோடு அறிவும் மங்கும். தமக்கு ஒன்றுமில்லை என்றே நீந்துபவர் எண்ணுதல் கூடும். ஆகவே நிறுத்தும் முடிவு படகிலிருப்பவருக்கே உரியது. அதற்கு இணங்கக் கரையிலேயே மனமில்லாதவர் இன்னும் ஆயத்தமாகவில்லை எனலாம். படகிலிருப்பவர் நிமிடத்துக்கு எத்தனை கைவீச்சு என்று எண்ணிக்கொண்டே வருவார். எண்ணிக்கை குறைந்து, கேட்ட கேள்விக்கு விடையும் குழறுமாயின், நீந்துபவர் எவ்வளவு மன்றாடினும் படகிலேற்றிவிடுவார்.