நியாயஸ்தல வாசலில் – 9: முதல் இரவு

இரவு பதினொரு மணிக்கு மேல், கிள்ளான் பள்ளத்தாக்கிலுள்ள ஒரு போலீஸ் நிலையத்தின் முன்னால், நம்மவர்கள் 'பாலாய்' என்று மலாய்ச் சொல்லாலேயே அழைத்துப் பழகிவிட்ட அந்தக் கட்டடத்தின் வேலிக்கு வெளியே, ஒரு கையில் மகனுக்கு மாற்றுச் சட்டையும் மறு கையில் பொட்டலம் கட்டிய சோறுமாக, உள்ளே போகவும் துணியாமல் வீட்டுக்குத் திரும்பவும் மனம் வராமல் நின்றுகொண்டிருந்த ஒரு தாயை என்னால் மறக்கக் கூடவில்லை. காப்பார் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் பிறந்து, தோட்டம் விற்கப்பட்டபின் அடுக்கு வீட்டுக்குக் குடிபெயர்ந்து, தொழிற்சாலையில் துப்புரவு வேலை பார்த்து ஜீவனம் நடத்துகிறவர். வேறொரு காரியமாக அங்கே வந்திருந்த என்னை, கழுத்து மூடிய சட்டையைக் கண்டோ என்னவோ, விஷயம் தெரிந்தவன் என்று எண்ணிக் கேட்டார்:

"சார், லோயர் வைக்கணும்னா எவ்வளவு சார் ஆகும்?"

"காசில்லாமலே கிடைப்பாரம்மா. அதுக்கு அரசாங்கத்துல ஏற்பாடு இருக்கு."

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "பிடிச்சதும் அரசாங்கம், லோயர் குடுக்கறதும் அரசாங்கம்னா, அவரு யாரு பக்கம் சார் பேசுவாரு?" என்றார்.

சட்டக் கல்லூரியின் வாசலை மிதித்திராத அந்த அம்மாள் கேட்ட கேள்வி, பொதுப் பணத்தில் ஏழைக்கு வக்கீல் வைத்துக் கொடுக்கும் ஏற்பாட்டை யோசித்த ஒவ்வொரு தேசத்து நியாயவாதியையும் சங்கடப்படுத்திய கேள்வி. அன்றிரவு இரண்டு வாக்கியத்தில் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அதற்கு உரிய பதிலை இந்த வாரம் கொஞ்சம் விஸ்தாரமாகவே எழுத விரும்புகிறேன்.

கண்ணகியின் வாதத்தைப் போற்றாத தமிழர் இல்லை. சிலம்பினுள்ளே இருப்பது முத்தா மாணிக்கமா என்ற ஒரே விஷயத்தைக்கொண்டு பாண்டியனது தீர்ப்பைச் சாய்த்த அந்த வாதத்தில், சாட்சியத்திலும் சரி, தர்க்கத்திலும் சரி, ஒரு குறையும் கிடையாது. ஆயினும் அது நிகழ்ந்தபோது கோவலன் உயிரோடு இல்லை என்பதை, காவியச் சுவையில் மூழ்கிவிடும் நாம் அவ்வளவாக நினைத்துப் பார்ப்பதில்லை. பொற்கொல்லனுடைய சொல்லுக்கும் காவலனுடைய வாளுக்கும் நடுவே கழிந்த சிறு பொழுதில், அந்த அந்நியனின் பக்கத்தில் நின்று, சிலம்பை முதலில் உடைத்துப் பாருங்கள் என்று சொல்ல ஒரே ஒரு மனிதர் இருந்திருந்தால் போதும். சட்ட உதவி என்று நாம் பேசும்போதெல்லாம் மேல் முறையீடு, தீர்ப்பு, விடுதலை என்று பெரிய கட்டங்களையே எண்ணுகிறோம். என் அனுபவத்தில், ஏழையின் வழக்கு பெரும்பாலும் தோற்றுப்போவது முதல் இரவிலேதான்.

சட்டம் இதை அறியாமல் இல்லை. 1957-இல் நடைமுறைக்கு வந்த கூட்டரசு அரசியலமைப்பின் 5-ஆவது விதி, கைது செய்யப்பட்டவருக்குக் காரணத்தைச் சொல்ல வேண்டும் என்றும், தாம் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்தாலோசிக்கவும் அவரால் வாதிடப்படவும் இடமளிக்க வேண்டும் என்றும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்றும் விதிக்கிறது. ஆனால் அந்த உரிமை எந்தக் கணத்தில் கைக்கு வரும் என்ற கேள்விக்கு, 1975-இல் கூட்டரசு நீதிமன்றம் கூறிய விடை, கைதான மாத்திரத்தில் உரிமை பிறந்துவிடுகிறதென்றாலும், போலீஸ் விசாரணைக்குக் குந்தகம் நேராதபடி அது பிற்பாடு பிரயோகிக்கப்படலாம் என்பதாக அமைந்தது. பிற்பாடு என்ற அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை இரவுகள் அடங்கிவிடும் என்பதை லாக்கப்பில் இருந்தவர்கள் அறிவார்கள்.

போலீஸ் படையை ஆராய்ந்த அரச விசாரணை ஆணையம் 2005-இல் தன் அறிக்கையைச் சமர்ப்பித்த பிறகு, 2007-இல் குற்றவியல் நடைமுறைச் சட்டம் திருத்தப்பட்டு, 28ஏ என்ற புதிய பிரிவு சேர்ந்தது. கைதானவர் உறவினருக்கும் வழக்கறிஞருக்கும் தகவல் சொல்லலாம், வழக்கறிஞர் வருவதற்கு நியாயமான அவகாசம் தரப்பட வேண்டும், அதுவரை வாக்குமூலம் வாங்குவது நிறுத்தி வைக்கப்பட வேண்டும் என்று அது சொல்கிறது. உடந்தையாளர் தப்பிவிடுவார், சாட்சியம் அழிந்துவிடும் என்பன போன்ற காரணங்களைக் காட்டி உயர் அதிகாரி இதை மறுக்கவும் அதே பிரிவு வழி விடுகிறது. ரிமாண்டுக்கும் அளவு குறிக்கப்பட்டது: 14 ஆண்டுக்குக் குறைந்த சிறைத்தண்டனைக் குற்றமானால் முதலில் 4 நாள், பின்னும் தேவையானால் 3 நாள், அதற்கு மேற்பட்ட குற்றமானால் 7 நாளும் மீண்டும் 7 நாளும். இவை உச்ச வரம்புகள் மட்டுமே. மாஜிஸ்திரேட் ஒரு நாள் மாத்திரம் கொடுக்கலாம், கொடுக்காமலே விட்டும் விடலாம்.

அங்கேதான் வக்கீலின் பிரயோஜனம் தெரிகிறது. ரிமாண்ட் விசாரணை பெரும்பாலும் சில நிமிஷங்களில் முடிந்துபோகும் காரியம். கைவிலங்கோடு வரிசையாக உட்கார்ந்திருப்பவர்களில் பலருக்குத் தங்கள் முன் இருப்பவர் மாஜிஸ்திரேட் என்பதே தெளிவாகத் தெரிவதில்லை. அங்கே ஒரு வழக்கறிஞர் எழுந்து நின்று, விசாரணைக் குறிப்பேட்டில் இதுவரை என்ன எழுதப்பட்டிருக்கிறது, நான்கு நாளில் செய்யப் போகிற வேலை என்ன, அதற்கு இந்த மனிதரை அடைத்து வைத்துத்தான் ஆக வேண்டுமா என்று கேட்டால், நான்கு நாள் இரண்டு நாளாகிறது. உடம்பில் காயம் இருக்கிறதா, இரத்த அழுத்த மாத்திரை சாப்பிட்டாரா, வீட்டுக்குச் சொல்லியாயிற்றா என்ற கேள்விகள் பதிவாகின்றன. ஒரு நிலையத்தில் கெடு முடிந்ததும் வேறொரு மாவட்டத்து நிலையம் புதிதாகக் கைது செய்து மறுபடி ரிமாண்ட் கேட்கும் வழக்கத்தை வழக்கறிஞர்கள் பல ஆண்டுகளாகக் கண்டித்து வந்திருக்கிறார்கள். அந்தச் சங்கிலியை அறுக்கவும் தேதிகளைக் கணக்கு வைத்துக்கொண்டு கூடவே வருகிற ஒருவர் வேண்டும்.

இந்த நாட்டுத் தமிழரின் சரித்திரத்தில் இதற்கு மிகக் கசப்பான பாடங்கள் உண்டு. 1941-இல் கிள்ளான் தோட்டங்களில் கூலி உயர்வும் சுயமரியாதையும் கோரித் தொழிலாளர் வேலை நிறுத்தம் செய்தபோது, அவர்களுக்குத் தலைமை தாங்கிய, 'தமிழ் நேசன்' பத்திரிகையில் பணியாற்றிய ஆர். எச். நாதன் மே மாதம் பிடிக்கப்பட்டு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். எட்டு ஆண்டுகளுக்குப் பின், மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராயிருந்த எஸ். ஏ. கணபதி, அவசரகாலச் சட்டத்தின்கீழ் ஆயுதம் வைத்திருந்ததாகக் குற்றம் சாட்டப்பட்டு, 1949 மே 4-ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அவருக்காக இந்திய அரசாங்கமே கருணை வேண்டிக் கேட்டுப் பார்த்தது, பலனில்லை.

அதே காலத்தில் ஜொகூரில் அதே மாதிரிக் குற்றச்சாட்டில் மரண தண்டனை பெற்ற சாம்பசிவம் என்ற தமிழரின் வழக்கோ லண்டன் பிரிவி கவுன்சில் வரை போயிற்று. துப்பாக்கி ஏந்தியது, தோட்டாக்கள் வைத்திருந்தது என்ற இரண்டு குற்றங்களில், தோட்டா விஷயத்தில் அவர் முதல் விசாரணையிலேயே குற்றமற்றவரென்று விடுவிக்கப்பட்டிருந்தார். மறு விசாரணையில் அவரது வாக்குமூலமென்று கொண்டுவரப்பட்ட ஏட்டில் இரண்டு விஷயமும் கலந்திருந்தும், பாதி பொய்யென்று ஏற்கனவே முடிவானதை அஸெஸர்களுக்கு எவரும் எடுத்துச் சொல்லவில்லை. 1950-இல் பிரிவி கவுன்சில் அந்தத் தண்டனையை ரத்துச் செய்தது. ஒருமுறை விடுவிக்கப்பட்டவரின் குற்றமின்மை பிற்பாடு எழும் எல்லா நடவடிக்கைகளையும் கட்டுப்படுத்தும் என்ற கொள்கைக்கு இன்றும் பல நாட்டு நீதிமன்றங்கள் அந்தத் தமிழரின் பெயரையே எடுத்துக்காட்டுகின்றன. அந்த நுட்பத்தைக் கண்டுபிடித்துச் சொல்லக் கப்பலேறிப் போய் வாதிட வேண்டியிருந்தது. அதற்குப் பணம் வேண்டும்.

கணபதி தூக்கிலிடப்பட்ட அதே 1949-இல், ஜூலை மாதம், இங்கிலாந்துப் பார்லிமெண்ட் தன் பிரஜைகளுக்குப் பொதுப் பணத்தில் வக்கீல் வைத்துக் கொடுக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. மலாயாவுக்கு அது வந்து சேர இருபத்தொரு ஆண்டு பிடித்தது. 1970-இல் சட்ட உதவிப் பிரிவாகத் தொடங்கி, 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நடந்து, இன்று 'ஜபாத்தான் பந்துவான் குவாமான்' என்ற இலாகாவாக வளர்ந்திருக்கும் ஸ்தாபனம் அதுதான். விவாகரத்து, ஜீவனாம்சம், பிள்ளையின் பராமரிப்பு, தத்து, இறந்தவர் சொத்து போன்ற சிவில் காரியங்களில் அது செய்திருக்கும் உபகாரம் பெரிது. கோயிலில் தாலி கட்டியதோடு நின்றுவிட்டு, 1982 முதல் கட்டாயமாகிவிட்ட பதிவுத் திருமணத்தைச் செய்யாமல் விட்டதால் தவித்த பெண்கள் எத்தனையோ பேர் அந்த அலுவலகங்களின் படியேறியிருக்கிறார்கள். குற்ற வழக்குகளிலோ, வயது வந்தவரானால், குற்றத்தை ஒப்புக்கொண்டபின் தண்டனையைக் குறைக்கும்படி மன்றாடுவதற்கு மட்டுமே அது வக்கீலைக் கொடுத்து வந்தது. அதாவது, நான் செய்யவில்லை என்று சொல்கிற ஏழைக்கு அங்கே கதவு இருக்கவில்லை.

அந்தக் கதவை வழக்கறிஞர்கள் தாங்களே திறந்தார்கள். 1980-களின் தொடக்கத்திலிருந்து வழக்கறிஞர் மன்றமே சட்ட உதவி மையங்களை நடத்தலாயிற்று. ஒவ்வொரு வழக்கறிஞரும் ஆண்டுக்கு 100 வெள்ளி அதற்குச் செலுத்த வேண்டும். தொழில் பழகும் ஒன்பது மாதத்தில் இளம் வழக்கறிஞர்கள் அந்த மையங்களில் சேவை செய்ய வேண்டும். தங்கள் சொந்தச் சந்தாவிலிருந்து ஒரு தொழிற்கூட்டம் இவ்வளவு பெரிய சட்ட உதவியை நடத்தியது உலகிலேயே அபூர்வம் என்பது என் அபிப்பிராயம்.

2009 மே 7-ஆம் தேதி இரவு பிரிக்பீல்ட்ஸில் நடந்தது இங்கே பிரஸ்தாபிக்கத்தக்கது. டிராவர்ஸ் சாலையிலுள்ள மாவட்டப் போலீஸ் தலைமையகத்துக்கு வெளியே மெழுகுவர்த்தி ஏந்தி நின்றவர்கள் சிலர் கைதானார்கள். அவர்களைச் சந்திப்பதற்காகக் கோலாலம்பூர் சட்ட உதவி மையத்தைச் சேர்ந்த ஐந்து வழக்கறிஞர்கள் வந்தார்கள். உள்ளே விடப்படவில்லை, வாசலிலேயே காத்திருந்தார்கள். கலைந்து போகும்படி உத்தரவிடப்பட்டு, போகாததால் அந்த ஐவரும் கைது செய்யப்பட்டு, தாங்கள் யாருக்காக வந்தார்களோ அவர்களோடு சேர்த்து அன்றிரவு லாக்கப்பில் வைக்கப்பட்டார்கள். ஏறக்குறைய ஒரு வாரத்தில் வழக்கறிஞர் மன்றம் அவசரப் பொதுக்கூட்டம் கூடிக் கண்டித்தது. மனித உரிமை ஆணையமான சுஹாகாம் பகிரங்க விசாரணை நடத்தி, அந்தக் கைது மனித உரிமைகளுக்கு விரோதமானது என்று முடிவு கூறியது. கந்தசுவாமி கோயில் மணியோசை கேட்கிற தூரத்தில், நாம் வேட்டியும் புடவையும் வாங்கப் போகிற தெருக்களுக்கு மிக அருகில், முதல் இரவின் உரிமைக்காக வக்கீல்களே முதல் இரவைச் சிறையில் கழித்தார்கள் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்த முதல் இரவுக்கு அரசாங்கப் பணம் வந்து சேர்ந்தது இதற்குப் பிறகுதான். தேசியச் சட்ட உதவி அறநிறுவனம், அதாவது எல்லாரும் சுருக்கமாக 'ஒய்பிஜிகே' என்று குறிப்பிடும் ஸ்தாபனம், 2011 ஜனவரியில் நிறுவப்பட்டு, 2012 ஏப்ரல் 2 முதல் வேலையைத் தொடங்கியது. கைது, ரிமாண்ட், ஜாமீன், விசாரணை என்று எல்லாக் கட்டத்திலும் குற்றம் சாட்டப்பட்டவருக்கு வழக்கறிஞர் கொடுப்பது அதன் பணி. தொடக்கத்தில் ஆண்டு வருமானம் 25,000 வெள்ளிக்கு உட்பட்டவருக்கு முற்றிலும் இலவசம். 36,000 வரை உள்ளவர் 300 வெள்ளி கொடுத்தால் போதும் என்றிருந்தது. மரண தண்டனை வழக்குகளுக்கு உயர்நீதிமன்றமே வக்கீலை நியமிக்கும் பழைய ஏற்பாடு தனியே உண்டு.

இப்போது அந்தத் தாயின் கேள்விக்கு வருகிறேன். பணம் அரசாங்கத்தின் பொக்கிஷத்திலிருந்து வருகிறது. வக்கீல் வழக்கறிஞர் மன்றத்திலிருந்து வருகிறார். அவர் அரசாங்க ஊழியர் அல்லர். பிராசிக்யூஷன் தரப்பின் சகாவும் அல்லர். நாளை வேறொரு கட்சிக்காரரிடம் முழுக் கட்டணம் வாங்கிக்கொண்டு வாதிடப் போகிற அதே சுயேச்சையான வழக்கறிஞர். தம் கட்சிக்காரர் சொன்னதைக் காக்க வேண்டும் என்ற விதியும் அவரை அதே கடுமையோடு கட்டுகிறது. பணம் கொடுப்பவரும் வாதத்தை நடத்துபவரும் வெவ்வேறு வீட்டிலிருந்து வருவதனாலேயே, 'உம்ம மகன் பக்கம்தான் பேசுவார், அம்மா' என்று நான் அன்றிரவு தைரியமாகச் சொல்ல முடிந்தது.

மறுநாள் காலை அந்தத் தாயோடு கோர்ட்டுக்குப் போனேன். தாழ்வாரத்தில் விலங்கிட்டு உட்கார வைக்கப்பட்டிருந்த வரிசையை நோக்கி, கறுப்புக் கோட்டணிந்த இளம் பெண்ணொருத்தி கையில் படிவங்களோடு நடந்து வந்தாள். பையனிடம் குனிந்து தமிழிலேயே, "சாப்பிட்டியா தம்பி? யாராச்சும் அடிச்சாங்களா?" என்று கேட்டாள். முந்தின இரவு முழுவதும் தைரியமாக இருந்த அவன் அப்போதுதான் அழுதான். ஐசி எண்ணை எழுதிக்கொண்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு, அடுத்த மனிதரிடம் நகர்ந்தாள். அவருக்கு அறுபது வயதுக்கு மேலிருக்கும். கிள்ளானிலே பிறந்தவராம்; பிறப்புப் பத்திரம் தோட்டத்து லயத்திலேயே தொலைந்து போனதாம்; இத்தனை காலமும் வைத்திருப்பது, குடிமகன் அல்லாத நிரந்தரவாசிக்குரிய சிவப்பு ஐசி.

அறநிறுவனத்தின் உதவி மலேசியக் குடிமக்களுக்கு மட்டுமே உரியது. பேனா சற்று நின்றது. அந்தப் படிவத்தை மடித்துக் கோப்புக்குள் வைத்துவிட்டு, வெற்றுத்தாள் ஒன்றை எடுத்து, "உங்க பேரைச் சொல்லுங்க ஐயா" என்று கேட்டு எழுதிக்கொண்டாள். பிறகு மன்றத்தின் சட்ட உதவி மையத்துக்குப் போன் செய்தாள். மாஜிஸ்திரேட் வருவதற்கு இன்னும் இருபது நிமிஷம் இருந்தது.

(தொடரும்)