இரண்டு சொட்டு நீரின் அளவு

பினாங்குக் கொடிமலையின் உயரம் 833 மீட்டர். கடல்மட்டத்தில் 760 மி.மீ. பாதரசமாக இருக்கும் காற்றழுத்தம் உச்சியில் சுமார் 690 ஆகிறது, குறைவு 70. நுரையீரல் தமனியின் சராசரி அழுத்தமோ, ஓய்வில் 20 மி.மீ. பாதரசத்தைத் தாண்டினாலே மிகை. மலையேறுபவரின் நுரையீரல் தமனிக்குள் பொருத்திய அழுத்த உணரியைப் படிக்கும்போது, அந்த 20-ஐப் போல மூன்றரை மடங்கு காற்றழுத்த மாற்றத்தைக் கழித்தாக வேண்டும்.

அப்படிப்பட்ட உணரி கார்டியோமெம்ஸ். அதன் நீளம் 15 மி.மீ., அகலம் 3.4, தடிமன் 2. கன அளவு 102 கன மி.மீ., ஏறக்குறைய இரண்டு சொட்டு நீர். பேட்டரி கிடையாது. ஆன்டெனா பொதிந்த தலையணையில் நோயாளி வீட்டிலேயே சாய்ந்து படுக்கிறார். 18 வினாடியில் அளவு பதிவாகிவிடுகிறது. நிமிடத்துக்கு 72 துடிப்பு என்றால், ஆண்டுக்கு 3 கோடியே 78 லட்சம் அழுத்த அலைகளை அது தாங்குகிறது.

செயலிழக்கும் இதயத்துக்குத் துணையாகப் பொருத்தும் ஹார்ட்மேட் 3 பம்பின் எடை 200 கிராம். நிமிடத்துக்கு 10 லிட்டர் வரை ரத்தம் தள்ளும். 1,028 பேரிடம் நடந்த ஆய்வில், ஐந்தாண்டு உயிர்வாழ்வு இதில் 58.4 விழுக்காடு, முந்தைய ஹார்ட்மேட் 2-இல் 43.7. ஆனாலும் இது அழுத்தத்தை அளப்பதில்லை. சுழல்வேகத்தையும் மின்செலவையும் வைத்து ரத்த ஓட்டத்தை மதிப்பிடுகிறது, அவ்வளவே. நுரையீரலில் ரத்தம் தேங்குவதை அறிய வேறொரு கண் வேண்டும்.

உணரியின் பயனுக்கு ஆதாரம், 64 மையங்களில் 550 பேர் பங்கேற்ற ஆய்வு: இதயச் செயலிழப்புக்காக மருத்துவமனையில் சேர்வது ஆறு மாதத்தில் 28 விழுக்காடு குறைந்தது. அவர்கள் பம்ப் பொருத்தி ஆய்வில் சேர்ந்தவர்கள் அல்லர். பம்பும் உணரியும் சேர்ந்த ஓர் ஆய்வில் இருந்தவர்கள் 101 பேர், முன்னதில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிட்டதும் அல்ல. அந்த 28-ஐப் பம்ப் பொருத்தியவர்களுக்கு அப்படியே பொருத்துவது சரியாகாது.

இந்தக் கருவிகளுக்கும் பினாங்குக்கும் ஒரு தொடர்பு உண்டு. உலகச் சிப் பொருத்துதல், சோதனை, உறையிடல் வேலையில் மலேசியாவின் பங்கு சுமார் 13 விழுக்காடு. பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை 1972 முதல் அந்த வேலையின் மையம். பம்பையும் உணரியையும் விற்கும் அபாட் நிறுவனத்துக்கும் அங்கே ஆலை உண்டு.

2016-இல் வந்த ஓர் அமெரிக்கச் செலவு ஆய்வு உணரிக்கு எடுத்துக்கொண்ட விலை 17,750 டாலர். டாலருக்கு 4.20 ரிங்கிட் என வைத்தால் 74,550 ரிங்கிட். மலேசியாவின் குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரி முதல் மாதம் 1,700 ரிங்கிட். அதில் ஒரு காசும் செலவழிக்காமல் சேர்த்தால் 44 மாதம். எனக்கு மிகவும் கனக்கும் எண் இதுதான். பம்பின் விலை இதில் சேரவில்லை.