தவறு எப்போது தெரியவரும்?

மென்பொருள் உருவாக்கத்தில் அருவி முறை என்று ஒன்று உண்டு. வாடிக்கையாளரின் தேவைகளை எழுதி முடிப்பது, வடிவமைப்பது, புரோகிராம் எழுதுவது, சோதிப்பது, ஒப்படைப்பது என்று ஒரு கட்டம் முடிந்த பிறகே அடுத்ததைத் தொடுவார்கள். 1970இல் வின்ஸ்டன் ராய்ஸ் எழுதிய கட்டுரையில் உள்ள படத்தைத்தான் இதற்கு மூலமாகக் காட்டுவது வழக்கம். ஆனால் அந்தப் படத்தைப் போட்ட கையோடு, இப்படியே செய்வது ஆபத்தானது, தோல்வியில் முடியக்கூடும் என்று ராய்ஸே எச்சரித்திருக்கிறார். நினைவகம் போதுமா, வேகம் போதுமா என்பதெல்லாம் சோதனைக்கு முன்புவரை வெறும் காகிதக் கணக்கு. கடைசியில் வரும் சோதனையில்தான் உண்மை தெரியும். அங்கே சறுக்கினால் வடிவமைப்பை மட்டுமல்ல, தேவைகளையே திருத்த வேண்டிவரும். அதனால் முதலில் சிறிய அளவில் ஒன்றைச் செய்து பார்த்துவிட்டு, இரண்டாவதை வாடிக்கையாளரிடம் கொடுங்கள் என்றார்.

செய்த தவறு எத்தனை நாளில் தெரியவருகிறது? எந்த முறையையும் எடைபோட இதுவே சரியான கேள்வி. 2001இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 17 பேர் கூடி எழுதிய அஜைல் அறிக்கை, ஓடும் மென்பொருளை அடிக்கடி கையில் கொடுக்கச் சொல்வதன் பலனும் தவறு சீக்கிரம் தெரியவருவதுதான். ஓர் உதாரணம்: அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. தன் வழக்குக் கோப்புகளைக் கணினிக்கு மாற்றத் தொடங்கிய திட்டம், சுமார் 17 கோடி டாலரை விழுங்கியபின் 2005இல் கைவிடப்பட்டது. அடுத்து வந்த சென்டினல் திட்டமும் இழுத்தடித்தது. 2010இல் எஃப்.பி.ஐ.யே பொறுப்பை நேரடியாக எடுத்துக்கொண்டு, வேலையை இரண்டு வாரச் சுற்றுகளாகப் பிரித்தது. சுற்று முடியும்போதெல்லாம் செய்ததை இயக்கிக் காட்ட வேண்டும். 2012இல் சென்டினல் பயன்பாட்டுக்கு வந்துவிட்டது.

கடை விற்பனைச் செயலிக்கு இது சரி, உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் முழுத் திட்டம் வேண்டாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் நாசா விண்வெளி ஓடத்தின் முதன்மை மென்பொருளே 1977 முதல் 1980 வரை, 31 மாதங்களில் 17 சுற்றுகளாக உருவானது. தேவைகள் மாறிக்கொண்டே இருந்ததால் வேறு வழியில்லை. ஆவணங்களும் கடுமையான பரிசோதனையும் அங்கே குறையவில்லை. ஆக, கட்டுப்பாடும் குறுகிய சுற்றும் ஒன்றுக்கொன்று எதிரிகள் அல்ல.

ஒப்பந்தம் போடும்போதே விலையும் தேதியும் தெரிய வேண்டுமே என்பது இன்னொரு மறுப்பு. முழுத் தேவைப் பட்டியலில் கையெழுத்து வாங்கிவிட்டால் விலை நிலைத்துவிடும்; பயனருக்கு உண்மையில் என்ன வேண்டும் என்பது நிலைக்காது. ஒப்பந்தத்தையே பகுதி பகுதியாகப் போடுவது இரு தரப்புக்கும் நல்லது. அதேபோல், தினமும் காலையில் நின்றபடி கூட்டம் போடுவதால் மட்டும் ஒரு குழு அஜைல் ஆகிவிடாது. சுற்றின் முடிவில் ஓடும் மென்பொருளைப் பயனர் தொட்டுப் பார்க்க முடியவில்லை என்றால், அங்கே நடப்பது இன்னமும் அருவி முறைதான்.