மரம் மிதக்க, கம்பி இழுக்க

வன்னிக் குளங்களில் விராலுக்கு உயிர்த் தவளையைத் தூண்டிலில் கோத்துத் தாமரை இலைகளுக்கிடையே தத்தவிடுவது பழைய வழக்கம். அந்தத் தவளையை மரத்தில் செதுக்கிவிட்டால் ஒவ்வொரு முறையும் தவளை தேடி அலையவேண்டியதில்லை. அமெரிக்காவில் ஜேம்ஸ் ஹெடன் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் செதுக்கிய பொய் இரைகளில் மரத்தவளையும் உண்டு. பின்லாந்தின் லவுரி ரபாலா 1936இல் சப்பாத்து தைப்பவரின் கத்தியால் தக்கையைச் செதுக்கி, சொக்கலேட் சுற்றிய ஈயத்தாளை ஒட்டி, அதன்மேல் உருக்கிய புகைப்படச் சுருளைப் பூசித் தன் முதல் பொய்மீனைச் செய்தார். இருவரும் கையில் கிடைத்ததை வைத்தே தொடங்கினார்கள்.

புதிதாகச் செய்பவர்கள் கண்ணுக்கும் செதிலுக்கும் நிறத்துக்குமே அதிகம் மினக்கெடுவார்கள். விரால் அவ்வளவு பார்ப்பதில்லை. அதைக் கரைக்குக் கொண்டுவருவது உள்ளே ஓடும் கம்பி. மரத்தின் வேலை மிதப்பது மட்டும்தான்.

பத்து சென்றிமீற்றர் நீளத்தில், இரு முனையும் ஒடுங்கிய ஒரு மரத்துண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கன அளவு சுமார் 20 கன சென்றிமீற்றர் என்றால், மொத்த எடை 20 கிராமைத் தாண்டும்போது அது தாழ்ந்துவிடும். நன்றாகக் காய்ந்த முள்முருக்கு இந்த அளவில் ஏறத்தாழ 6 கிராம்தான் இருக்கும். கம்பிக்கு 2, இரண்டு தூண்டில்களுக்கு 4, ஈயத்துக்கு 3 என்று கூட்டினாலும் 15, மிதக்கும். வேம்பில் செதுக்கினால் மரமே 14 கிராம் வரும். கம்பியும் தூண்டிலும் ஏறியவுடன் 20 ஆகிவிடும், ஈயத்துக்கு இடமில்லை. பனை வைரம் இன்னும் மோசம். வேலிக் கதியாலாக நிற்கும் முள்முருக்கு, இலவம், மரக்காலையில் கிடைத்தால் மலைவேம்பு, இவை போதும். பச்சை மரத்தில் செதுக்கவேண்டாம், காயும்போது வெடிக்கும்.

இனிக் கம்பி. மரத்தில் திருகும் சிறு வளைய ஆணிகளில் தூண்டிலை மாட்டுவது எளிது. ஆனால் மென்மரத்தில் அவற்றின் புரிகளுக்குப் பிடிப்பில்லை. பூச்சில் ஒரு கீறல் விழுந்து தண்ணீர் இறங்கினால் மரம் ஊதி ஆணி தளரும். விரால் வாயில் கவ்வியபடி உருளும் மீன். அந்த முறுக்கலில் ஆணி கையோடு வந்துவிடும். மூக்கிலிருந்து வால்வரை ஒரே கம்பி ஓடினால் மரம் இரண்டாகப் பிளந்தாலும் தங்கூசிக்கும் தூண்டிலுக்கும் இடையே தொடர்பு அறாது.

நீளவாக்கில் துளையிடுவது கைப்பழக்கம் உள்ளவர்களுக்கே நேராக வரும். மற்றவர்கள் வயிற்றுப் பக்கம் மூக்கிலிருந்து வால்வரை வாளால் ஒரு காடி அறுக்கலாம். பாதித் தடிப்பு ஆழம் போதும். 1.2 மில்லிமீற்றர் துருப்பிடியாத எஃகுக் கம்பியை ஓர் ஆணியைச் சுற்றி வளைத்து, கம்பியின் முனையை நான்கைந்து முறை இறுக்கமாக முறுக்குங்கள். அது மூக்கு வளையம். நடுவில் கம்பியைக் கீழ்நோக்கி மடித்து, வயிற்றுக்கு வெளியே சற்று நீட்டிக்கொண்டிருக்கும்படி விட்டால் வயிற்றுத் தூண்டிலுக்கு இடம் கிடைக்கும். பின் முனையில் இன்னொரு வளையம். காடியில் கம்பியைப் படுக்கவைத்து, அரல்டைட்டில் மரத்தூள் கலந்து நிரப்பிவிடுங்கள்.

சைக்கிள் கம்பியை முறுக்கப் பார்ப்பவர்கள் உண்டு. அது தடித்தது, வளையாது, பூச்சுப் போன இடத்தில் துருவும் பிடிக்கும். நந்திக்கடல், கொக்கிளாய் போன்ற உப்புநீரில் கொடுவாய்க்கு வீசுவதென்றால் 316 தர எஃகு நல்லது. அதில் சேர்ந்த மொலிப்டினம் உப்பின் அரிப்பைத் தாங்கும்.

ஈயத்தை வலைக்குக் கட்டும் குண்டுகளிலிருந்து எடுங்கள். வயலிலோ காட்டோரத்திலோ கிண்டினால் வரும் உலோகத் துண்டுகளைத் தொடவேவேண்டாம். கிளிநொச்சி, முல்லைத்தீவு மண்ணில் போர் விட்டுச்சென்ற வெடிபொருட்கள் இன்னும் உண்டு. ஒட்டுவதற்கு முன் ஈயத்தை வயிற்றின் அடியில், நடுவுக்குச் சற்று முன்னால், தற்காலிகமாகக் கட்டித் தூண்டில்களோடு வாளித் தண்ணீரில் மிதக்கவிட்டுப் பாருங்கள். முதுகு மேலே நிற்காமல் புரண்டால் பாரம் உயரத்தில் இருக்கிறது, கீழே இறக்குங்கள். பூச்சு அடித்தபின் இதைத் திருத்துவது பெரும் பாடு.

வார்னிஷ் இரண்டு முறையாவது வேண்டும். கம்பி வெளிவரும் துளைகளின் வாயிலும் விடுங்கள். தண்ணீர் அங்கேதான் முதலில் நுழையும். கண் வைக்கக் கியூட்டெக்ஸ் போதும்.

மூக்கில் தகட்டு உதடு பொருத்தினால் இரை ஆழம் போகும். உதடு உடலின் நேர்கோட்டுக்கு எவ்வளவு கிட்டவோ அவ்வளவு ஆழம். செங்குத்தாக நின்றால் மேல்மட்டத்திலேயே நெளியும். தாமரையும் பாசியும் நிறைந்த குளக்கரையில் உதடு வீண், எல்லாவற்றையும் வாரிக்கொண்டு வரும். அங்கே உதடில்லாத தவளையும் முள் மேல்நோக்கிய ஒற்றைத் தூண்டிலுமே சரி. மும்முனைத் தூண்டிலை ஆழமான, திறந்த நீருக்கு வைத்துக்கொள்ளுங்கள். இலையில் சிக்கியதை எடுக்கத் தண்ணீரில் இறங்காதீர்கள். வன்னிக் குளங்களில் முதலை உண்டு. சிவந்த குஞ்சுக் கூட்டம் மேலே வந்து போகும் இடத்திலும் வீசவேண்டாம். காவல் நிற்கும் விரால் பசியில்லாமலே, குஞ்சைக் காக்கப் பாய்ந்து கவ்வும். அதைத் தூக்கிவிட்டால் குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்றுவிடும்.

உதடு வைத்த இரை இழுக்கும்போது ஒரு பக்கமாகச் சரிந்து ஓடினால் மரத்தைச் சீவத் தொடங்காதீர்கள். அது ஓடும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக மூக்கு வளையத்தைக் குறட்டால் ஒரு மயிரிழை வளைத்துவிட்டு, மறுபடி வீசிப் பாருங்கள்.